தொண்ணூற்றொன்று

புத்தூர் மாங்காய் மண்டியின் தகரக் கூரை ஓட்டைகள் வழியாக வெயில் காய்களின் மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. மகள் ஸ்வர்ணலதாவின் ஐஐடி என்ட்ரன்ஸ் ரிசல்ட்டைப் போனில் நானே படித்துவிட்டேன், தொண்ணூற்றொன்று. அவள் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்ட எண்கள்தான். நூற்றுக்கு வாங்கிய மார்க் என்று நினைத்து மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஓடி வருகிறாள். “நைனா, அது மார்க் இல்ல. நூறு பேர்ல தொண்ணூத்தோரு பேரு எனக்குப் பின்னால, அவ்ளோதான். இதுக்கு அங்க சீட்டு வராது.” காய் பொறுக்கும் செங்கம்மா வாய் நிறைய லட்டோடு சிரிக்கிறாள். “அத்தினி பேரு பின்னால நின்னா திருமலை க்யூல சாமியையே பாத்துடலாம். எதுக்குடி அழுதுகினு கீற?” “முன்னால லட்சம் பேருக்கு மேல நிக்கறாங்க அத்தை.”

செங்கம்மா மெல்லுவதை நிறுத்துகிறாள். அந்தத் திருமலை க்யூவில் மூன்று வயதில் என் தோளில் உட்கார்ந்து, என் முடியைப் பிடித்துக்கொண்டு, “நைனா, எனக்கு கோபுரம் தெரியுது” என்று கத்தியவள். இப்போது என் உயரத்துக்கு வளர்ந்து பக்கத்தில் நிற்கிறாள். இந்த லட்சம் பேரின் தலைக்கு மேல் அவளை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் லட்டுப் பொட்டலத்தை நீட்டுகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று எடுக்கிறாள்.