மூன்றாவது ஜோடி

ஒரே வாரத்தில் மூன்றாவது ஜோடி பிரேக் ஷூவை மாட்டிய மெக்கானிக் நூருல்லா, சுரங்கத் தொழிலாளி சங்கரலிங்கத்தின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து பின்சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குள்ளேயே தொங்கவிட்டுப் பூட்டினார். காலையில் சக்கரம் கொக்கியிலேயே இருந்தது. ஷூ மட்டும் ஆணி தெரியத் தேய்ந்திருந்தது.

“ஒங்க மைன்ஸ் மிஷின்கூட இப்படித் தேயாதுங்க!” என்றார் நூருல்லா.

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. நிறைமாத மனைவி விஜயகுமாரியை அழைத்து வந்திருந்தார்.

“இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும் பாய். இத நம்பி ஏத்தலாமா?”

நூருல்லா இறைவனை நினைத்துப் புது ஜோடியைப் பொருத்தி, சக்கரத்தை வண்டியில் மாட்டிச் சுழற்றினார். பிரேக்கை யாரும் மிதிக்கவில்லை. சக்கரம் நின்றது. ஒரு குழந்தை சாலையைக் கடக்கும் நேரம் கழித்து, தானாகவே மறுபடி சுழன்றது.



“கொழந்தைக்கு நிக்கிற வண்டி. இதுலயே போலாங்க,” என்று விஜயகுமாரி வயிற்றைத் தாங்கியபடி எழுந்தாள்.