நாற்பத்திரண்டு தறி

காலை எட்டு மணிக்குத் தெருவின் நாற்பத்திரண்டு தறிகளில் நாற்பத்தொன்று நின்றுவிட்டன. அடித்துக்கொண்டிருந்தது சபாபதியின் தறி ஒன்றுதான்.

நிறுத்தச் சொன்னவர் தெரு நாட்டாண்மை திருஞானசம்பந்தம். அம்மனுக்கு விரதமாம், பொழுது சாயும்வரை யாரும் தறிக்குழியில் இறங்கக் கூடாதாம்.

"நேத்து வரைக்கும் இல்லாத விரதம் இன்னிக்கு எங்கேர்ந்து குதிச்சுது?" என்றார் சபாபதி, மிதியிலிருந்து காலை எடுக்காமல். "வெள்ளிக்கிழமை நான் கல்யாணப் பொடவை தரணும். அது அந்த ஆளுக்குத் தெரியும். என்னைக் கவுக்கத்தான் இந்த விரதம்."

கோயில் திருவிழாவில் வந்த சண்டை. இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

"தெருவே நிறுத்தியிருக்குது, நீங்க மட்டும் இன்னாத்துக்கு?" என்றபடி மிளகாய் இடிக்க உலக்கையை எடுத்தாள் மனைவி காமாட்சியம்மாள்.

"ஏய், உலக்கையைக் கீழ வை! பின்கட்டுல மிஷின் ஓடுதுல்ல? பூமி அதிரக் கூடாதுன்னு குழலி சொன்னாளா இல்லியா?"

மகள் ஏலவார்குழலி மெட்ராசில், பூகம்பம் அளக்கும் ஆபீசில் இளநிலை விஞ்ஞானி. ஜப்பானில் உள்ள சர்வதேசப் பூகம்பப் பள்ளிக்கு அவளைப் போன்ற இளம் விஞ்ஞானிகளில் ஒருவரை ஆபீஸ் செலவில் அனுப்பப் போகிறார்கள். போட்டியில் ஆறு பேர். அவரவர் ஊரில் பூமியின் அசைவைப் பதிவு செய்து, விளக்கம் எழுதித் தர வேண்டும். கருவி ஆளுக்கு ஒரே ஒரு நாள். விடிகாலையில் அதை முடுக்கிவிட்டு, குழலி ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

சபாபதி பின்கட்டுப் பக்கம் கோழியைக்கூட விடவில்லை.

பதினோரு மணிக்கு நாட்டாண்மையே வாசலில் வந்து நின்றார்.

"சபாபதி, நிறுத்துப்பா. உன் பொண்ணுக்காகத்தான்..."

"என் பொண்ணு பேச்சை எடுத்தே, மரியாதை கெட்டுப்பூடும். நடையைக் கட்டு!"

கதவு சாத்தப்பட்டது. தறி முன்னைவிட வேகமாக அடித்தது.

சாயங்காலம் வந்த குழலி, மிஷினில் பதிவான காகிதத்தை எடுத்து விரித்தாள். எட்டு மணிவரை புதர் மண்டியதுபோல் கோடுகள். அதற்குப் பிறகு கோடு நேராக ஓடியது. நடுநடுவே சின்னச் சின்ன முள், ஒரே இடைவெளியில்.

"இதெல்லாம் இன்னாம்மா?"

"புதர், தெருத் தறி மொத்தமும். முள்ளு, ஒரே ஒரு தறி."

ஐம்பது வருஷமாகத் தறிக்குழியில் உட்காருகிறவர் சபாபதி. தறி அடிப்பது ஓர் அதிர்வு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கெடுத்துட்டேனா? முன்னாடியே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நாப்பத்திரண்டு அடிக்கும்போது ஒன்னை நிறுத்தி இன்னாப்பா ஆவும்?"

ஸ்கேலை வைத்து முட்களை அளந்தாள். திரும்பவும் அளந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"பகல் முழுக்க அடி பிசகாம அடிச்சிருக்கேப்பா! தறி எங்க இருக்குது, எவ்ளோ தூரம், எல்லாம் நமக்குத் தெரியும். இதை வச்சே நம்ம மண்ணு அதிர்வை எப்படிக் கடத்துதுன்னு எழுதிடுவேன். மத்த அஞ்சு பேர்கிட்ட இது இருக்காது. ஆமா, மீதித் தறியெல்லாம் எப்படி நின்னுது?"

"அந்த ஆளு, விரதம்னு..."

"நாட்டாண்மை பெரியப்பாவா?" குழலி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "மிஷினைப் பத்தி நேத்து கோயில்ல கேட்டார்பா. தறி அடிச்சா, கோடு போடற ஊசி ஆடாம நிக்காதுன்னேன். 'மிஷினுக்காக நிறுத்துன்னா எவன் கேப்பான், வேற ஏதாவது சொல்லணும்'னு சிரிச்சுக்கினே போனார்."

சபாபதி மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

1968 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை, ஏலவார்குழலி மீனம்பாக்கத்தில் ஜப்பானுக்கு விமானம் ஏறினாள். அவளை வழியனுப்பக் காஞ்சிபுரத்திலிருந்து போன வாடகைக் காரில், சபாபதிக்குப் பக்கத்தில் திருஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார்.