பாட்டுக்குக் குறுக்கே அமில்கார்

“நான்தான்! அமில்கார் சான்ஹுவான்! பர்ரான்கியாவின் ஒரே குரல்!”

அக்கார்டியன் கொஞ்சம் ஓய்ந்து, பாடகன் ஏதோ சொல்ல வாயெடுத்த அதே நொடியில் ரேடியோவில் அந்தக் கூச்சல் விழுந்தது.

எலியேசெர் மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். “இன்னிக்கும் போச்சு.”

“ஒன்பதாவது நாள்ப்பா!” என்றாள் மகள் எனில்சா.

பக்கத்துக் கடைக்காரன் விடுவானா? “எலியேசெர் அண்ணே, உங்க பேரை அமில்கார்னு எப்ப மாத்துனீங்க?”

மீன் மார்க்கெட்டே சிரித்தது.

இந்தக் கடற்கரையில் பாட்டுக்கு நடுவே பாடகன் தனக்கு வேண்டியவரைப் பெயர் சொல்லி வாழ்த்துவான். அந்த ஒரு வரிக்காகப் பெரிய பெரிய ஆட்களே பாடகன் வீட்டு வாசலில் தவம் கிடப்பார்கள். எலியேசெருக்கு அது கேட்காமலே கிடைத்தது. பாடகன் உரியெல் மெஸ்த்ரே பெயரில்லாமல் அலைந்த நாளில் அவனுக்கு மீன் பொரித்துப் போட்டவர் அவர். “என் அடுத்த பாட்டுல உங்களுக்கு ஒரு வாழ்த்து இருக்கு” என்று போன வருஷம் சொல்லிவிட்டுப் போனான். இசைத்தட்டு இன்னும் கடைக்கு வரவில்லை. ஊரிலேயே ஒரே ஒரு பிரதி, அதுவும் ரேடியோ அறிவிப்பாளர் அமில்காரிடம்.

எட்டு மாதமாக அப்பா ஆசைப்பட்ட ஒரே விஷயம் அந்த வரி.

எனில்சா ஏப்ரனைக் கழற்றி வீசினாள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். அவள் கை தூக்கினாலே பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நேரே பஸ் ஏறி ரேடியோ நிலையத்தில் போய் இறங்கினாள்.

ஒலிபரப்பு அறைச் சுவரில் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டிலும் அமில்கார். ஒன்றில் மட்டும் கூட ஒரு கழுதை இருந்தது.

மனிதர் தலை வாரிக்கொண்டிருந்தார். ரேடியோவில் யார் பார்க்கப்போகிறார்கள்?

“கையெழுத்தா? பேப்பர்லயா, கையிலயா?”

“கையெழுத்து வேணாம். எங்கப்பா பேரு வேணும். எலியேசெர் பெர்த்தூஸ், மீன் மார்க்கெட். உரியெல் பாட்டுல வர்ற வாழ்த்து அவருக்கு. நீங்க தினம் அதுமேல ஏறி உக்காந்துக்கறீங்க.”

சீப்பு ஒரு கணம் நின்றது.

“ஜனங்க உரியெலைக் கேக்கவா ரேடியோ போடறாங்க? என்னைக் கேக்கப் போடறாங்க.”

“நாலு நிமிஷப் பாட்டு. கத்தறதுக்கு வேற இடமா இல்ல? அக்கார்டியன் மேல கத்துங்க, அது கோச்சுக்காது.”

“எங்க கத்தணும்னு எனக்குத் தெரியும், பொண்ணே.”

“அடுத்தவன் பேரை அழிச்சுட்டு உங்க பேரைப் போட்டுக்கறதுக்குச் சட்டத்துல என்ன பேரு தெரியுமா?”

“நீ வக்கீலா?”

“இன்னும் ரெண்டு வருஷம்.”

“அப்ப ரெண்டு வருஷம் கழிச்சு வா.”

எனில்சா அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நாளைக்கு அப்பாவுக்குப் பிறந்தநாள். நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டுப் போடறேன்னு சொல்லுங்க, எந்திரிக்கறேன்.”

அமில்கார் சீப்பைக் கீழே வைத்தார்.

“அந்தப் பாட்டை முழுசாக் கேட்டிருக்கியா?”

“நீங்க கேக்க விட்டாத்தானே!”

ஒலிபரப்புக்கான சிவப்பு விளக்கு எரியப்போகும் நேரம். அவர் தட்டை எடுத்துச் சுழலவிட்டார். சரியான இடத்தில் ஊசியை வைத்தார். ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு, மைக் பக்கம் திரும்பித் தன் பெருமையை அளக்க ஆரம்பித்தார்.

அக்கார்டியன் ஓய்ந்தது. உரியெலின் குரல் உற்சாகமாக வந்தது:

“ராணி நுபியாவுக்கும் அவளோட அடிமை எலியேசெர் பெர்த்தூஸுக்கும்! சாவு வந்தாலும் பிரியாத ஜோடிக்கு! ஆய் ஓம்பே!”

எனில்சா ஹெட்போனைக் கழற்றினாள்.

அம்மா நுபியா, ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரனோடு மரகைபோவுக்கு ஓடிப்போய் எட்டு மாதம் ஆகிறது. மார்க்கெட்டுக்கே தெரியும்.

விளக்கு அணைந்தது.

“அப்பாவுக்கு இது...”

“தெரியாது. உரியெல் பாடினப்ப உங்கம்மா இங்கதான் இருந்தாங்க. அவன்கிட்ட போன்ல சண்டை போட்டுட்டேன். வரியை மாத்திப் பேசித் தரேன்னிருக்கான். கடைக்கு வர்ற தட்டுல உங்கப்பா பேரு மட்டும் இருக்கும்.”

அவளுக்கு இப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. “அதுவரைக்கும் பாட்டைப் போடாமலே இருந்திருக்கலாமே?”

“ஊரே முணுமுணுக்கற பாட்டை நான் போடாம இருக்கறதா?” அமில்கார் பதறிப்போனார். “நான் யாரு?”

சீப்பை மறுபடி எடுத்துக்கொண்டார். “எந்திரி. என் நாற்காலி அது.”

மார்க்கெட்டுக்கு அவள் திரும்பியபோது அந்த வரிசைக் கடைகள் அத்தனையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

“என்னம்மா சொன்னான்? நாளைக்காவது என் பேரைக் கேக்க விடுவானா?”

எனில்சா ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அந்த ஆளா? தன் பேரைத் தவிர இந்த உலகத்துல வேற பேரே தெரியாதுப்பா அவனுக்கு!”