தனக்கோடி கொடுத்த பிராது

"தனக்கோடி கிராமத்துல பிராது குடுத்திருக்கானாம். வீடியோ சமாச்சாரம். சாயங்காலம் கூட்டத்துக்கு உன்னையும் கூட்டியாரச் சொன்னாங்க," என்றான் புருஷன் டேவிட்.

நண்டு கழுவிக்கொண்டிருந்த கோமளாவுக்குக் கை நின்றுபோயிற்று.

"எம்மேலயா?"

"ஊர்ல வேற யாரு வீடியோ போடறாங்க?"

தனக்கோடி பக்கத்து வீடு. வாயில்லாத மனுஷன். அவன் பெண்டாட்டி மாலாவுக்குத்தான் இரண்டு பேருக்கான வாய். போனும் செல்ஃபிக் குச்சியுமாகக் கோமளா ஏரிக்குக் கிளம்பினால் போதும், "வழி விடுங்கடி, ஸ்டாரு போறாங்கோ!" என்று குழாயடியில் நிற்பவர்களை எல்லாம் சிரிக்க வைப்பாள்.

பழவேற்காட்டு ஏரியில் முழங்காலளவுத் தண்ணீரில் தவழ்ந்து, பனையோலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பதைத்தான் கோமளா வீடியோவாகப் போடுகிறாள். முப்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள். முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரியில் மீன் ஏறாத மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது அந்த வீடியோவால்தான்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெரிய சேனல்காரர்கள் வந்து இறங்கினார்கள். பறக்கும் கேமரா, பெரிய குடை, பறியைக் கடித்துக்கொள்ள ஒரு நடிகை. எல்லாம் கோமளா இறால் தடவும் அதே திட்டில்.

"எங்க வீடியோ ஓடற வரைக்கும் ஊர்ல வேற யாரும் எடுக்கக் கூடாது. பதிலுக்குக் கோயிலுக்கு வர்ணம் அடிச்சுத் தர்றோம்" என்று ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டும் போயிருந்தார்கள்.

அடுத்தாற்போல் இந்தப் பிராது.

"மாலாக்காதான் புருசனைத் தூண்டி விட்டிருக்கும். என்னை நிறுத்தினாத்தான் அதுக்குத் தூக்கம் வரும்," என்றாள் கோமளா.

"இன்னா பண்ணச் சொல்ற? கிராமம் சொன்னா சொன்னதுதான். மீறினா தண்டம். அப்புறம் என்னை எவன் படகுல ஏத்துவான்?" டேவிட்டின் குரல் இறங்கியது. "பேசாம எல்லாத்தையும் அழிச்சிடு, கோமளா."

போனை எடுத்தாள். அவசரத்தில் வீடியோ ஒன்று திறந்துகொள்ள, அவள் சிரிப்பே அவளுக்குச் சத்தமாகக் கேட்டது. திடுக்கிட்டு அணைத்தாள்.

சாயங்காலம் மீன் ஏலக் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே நின்றார்கள். கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. சேனல் மேனேஜர் ஜோயலுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே தீர்ப்பு எந்தப் பக்கம் என்று கோமளாவுக்குத் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது.

தலைவர் செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். "பிராதை எடுத்துக்கலாமா?"

கோமளாவால் தாங்க முடியவில்லை. வழக்கத்தை மறந்து உள்ளே வந்து கும்பிட்டாள்.

"தப்புதாங்க தலைவரே. எல்லாத்தையும் அழிச்சிடறேன். இனிமே போட மாட்டேன். எங்க வீட்டுக்காரரைத் தொழிலுக்குப் போகாமத் தடுத்துடாதீங்க."

வெளியே யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"உன்னை யாரும்மா கேட்டாங்க? ஓரமா நில்லு," என்றார் தலைவர். "தனக்கோடி, நீ சொல்லு."

தனக்கோடி எழுந்தான். துண்டை முறுக்கினான். "அது வந்து... பாடு விசயம் தலைவரே."

ஏரியில் யார், எந்த இடத்தில், எப்போது வலை போடலாம் என்று கிராமமே பிரித்துக் கொடுப்பதற்குத்தான் பாடு என்று பெயர். ஒருவருக்கு விட்ட இடத்தில் இன்னொருவர் வலை இறக்கினால் தண்டம்.

"யாரு வலையை இறக்கினது?"

"வலை இல்ல... கேமரா." தனக்கோடி கூரையைப் பார்த்தான். "அந்தத் திட்டுல கோமளா நாலு வருசமா எடுத்துக்கினு இருக்குது. அதோட எடம். அதுல... அதுல வந்து..."

"அதுல இவங்க எறங்கலாமான்னு கேளுய்யா!" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

"அதான். எறங்கலாமா? என் பிராது இவங்க மேல." தனக்கோடி நாற்காலியைக் காட்டிவிட்டு, தப்பித்தோம் என்று உட்கார்ந்துகொண்டான்.

கோமளாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

ஜோயல் சிரித்தான். "என்ன சார் இது? ஏரி எல்லாருக்கும் பொதுதானே?"

"மீனும்தான் தம்பி பொது. அதுக்குத்தான் பாடு வச்சிருக்கோம்," என்ற தலைவர், பக்கத்தில் இருந்த பெரியவர்களோடு குனிந்து பேசினார். "பொம்பளைக்கு ஏதுப்பா பாடு?" என்று அவர்களில் ஒருவர் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"பொம்பளைக்கு இல்லன்னு தண்ணியில எழுதி வச்சிருக்குதா?"

மறுபடி அதே குரல். இந்தத் தடவை வெளியே நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் நிமிர்ந்தார். சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தத் திட்டு கோமளா பாடு. அங்க படம் புடிக்கணும்னா அந்தப் பொண்ணைக் கேட்டுட்டுப் புடிங்க. கோயிலுக்கு நாங்களே வர்ணம் அடிச்சுக்கறோம்."

கூட்டம் கலைந்தது. கோமளா வெளியே ஓடிப்போய், குரல் கொடுத்த மாலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகவாக்கா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? காலையிலேருந்து செத்துப் பொழைச்சேனே!"

"சொல்லியிருந்தா, 'வேணாங்க்கா, ஊர்ப் பொல்லாப்பு'ன்னு என் காலைப் புடிச்சிருப்ப," என்று மாலா கையை உதறினாள். "உனக்காகச் சண்டை போடணும்னா, உனக்குத் தெரியாமதான்டி போடணும்!"