எதுவும் கேட்காமல் விழுந்த கை

கை விழுந்துவிட்டது.

அவள் இன்னும் எதையும் கேட்கவில்லை.

நீட்டிய கையின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து லேசாக அழுத்தினாள், அவ்வளவுதான். வழக்கமாக மறு கையில் ஒரு பிடி கோதுமையையோ காப்பித் தூளையோ கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு அழுத்துவாள். கை நின்றால் உடம்பு ஏற்கிறது. தாழ்ந்தால் மறுக்கிறது. கினிசியாலஜி என்று அவள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இதுதான்.

நாச்சிமுத்துவின் மறு கை காலியாக இருந்தது.

"தண்ணி குடிச்சுட்டு மறுக்கா பாக்கலாமுங்களா? யூடியூப்ல அப்படித்தான் பண்றாங்க" என்றார் அவர். தேங்காய் வியாபாரி. மூன்று வாரமாக ஸ்கூட்டர் சாவியைத் திருப்ப முடியவில்லை என்று வந்திருந்தார்.

"ஊட்டுல ஒரு வேலைக்கும் எந்திரிக்காத கை. இங்க வந்து மட்டும் எந்திரிச்சு நிக்குமாக்கும்" என்றார் அவர் மனைவி துளசிமணி. மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தார். மேலே 'நிறுத்த வேண்டியவை' என்று எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அழுத்தினாள்.

விழுந்தது.

இடக்கை நின்றது.

வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது.

அவளுக்கு அந்தக் குழி தெரியும்.

பதினோரு வருடம் ஒற்றைத் தலைவலியோடு, ஜன்னலைச் சாத்திய அறையில் கிடந்தவள் அவள். மாத்திரைகள், ஸ்கேன், வேறு மாத்திரைகள். ஈரோட்டில் ஒருவர் அவள் கையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கோதுமையை நிறுத்தச் சொன்னார். மூன்றாம் மாதம் ஜன்னலைத் திறந்தாள். இந்த வலி சிலருக்குத் தானாகவே தணியும் என்றார் பழைய டாக்டர். இருக்கலாம். அவள் ஈரோட்டுக்கே போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள்.

பழகிப் பார்க்க ஒரு கை வேண்டியிருந்தது. கணவர் கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார்.

"எடுத்துக்க அம்மிணி. படுக்கறப்பத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

ஒருநாள் காப்பித் தூளுக்கு அவர் கை விழுந்தது. காப்பியை நிறுத்தினாள். அடுத்த வாரம் புளிக்கு விழுந்தது. பிறகு பாலுக்கு. பிறகு தக்காளிக்கு. தன் விரல்களுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

"இப்படியே போனா அடுத்தது காத்தையும் நிறுத்திருவியாட்ட இருக்குது" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெறும் கஞ்சியைக் குடித்தார்.

அதற்குள் அவருக்குச் சட்டைப் பித்தான்களை அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கொஞ்சல் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அவர் கையில் எதையும் கொடுக்காமல் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம் என்று எட்டு மாதம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

நரம்பு டாக்டர் அவர் கையில் அந்தக் குழியைப் பார்த்த உடனேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கை, கால், தொண்டை என்று தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய், முன்பே வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்று பிறகு சொன்னார். சில நாட்கள் அவள் அதை நம்புவாள், சில நாட்கள் மாட்டாள்.

ஆனால் அந்த எட்டு மாதமும் அவரால் விழுங்க முடிந்தது.

அவள் மறுபடி காப்பி போட்டுக் கொண்டுபோனபோது முடியவில்லை.

அதன்பின் ஒரு வருடம் இருந்தார்.

"சொல்லுங்க" என்றார் துளசிமணி. "எதையெல்லாம் நிறுத்தோணும்? மொதல்ல அந்த பேக்கரி பஜ்ஜிய எழுதிக்கட்டுங்களா?"

"ஒண்ணையும் நிறுத்த வேண்டாமுங்க. நரம்பு டாக்டரப் போய்ப் பாருங்க. இன்னைக்கே."

நாச்சிமுத்து கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இடக்கையால் எடுத்து வைத்துக்கொண்டார்.

"டாக்டருங்ககிட்டப் போயி ஒண்ணும் ஆகலீன்னுதானுங்க நீங்களே இதுக்கு வந்தீங்க? நோட்டீஸ்லயே போட்டிருக்குது. அத நம்பித்தான் வந்தோம். இப்ப நீங்களே தொரத்தியுட்டா எப்படி?"

நோட்டீஸில் போட்டிருந்தது. அவளே எழுதியதுதான். தலைவலி, பதினோரு வருடம், திறந்த ஜன்னல். கடைசி வரியில் போன் நம்பர்.

"அது பாதிக் கதைங்க" என்றாள்.

மீதியைச் சொன்னாள். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். காப்பி, புளி, பால், தக்காளி என்று வரிசை மாறாமல் சொன்னாள். நாச்சிமுத்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

துளசிமணி நோட்டை மூடினார்.

"எந்திரிங்க, போலாம்" என்றார். வந்ததிலிருந்து முதல்முறையாக அந்தக் குரலில் கேலி இல்லை.

நாச்சிமுத்து இடக்கையை நாற்காலியில் ஊன்றினார். பிறகு எழுந்தார்.

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எண் மனப்பாடம். வரவேற்பில் இருந்த பெண், நோயாளியின் பெயர், வயது, எந்தக் கை, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லுங்க. யாரு அனுப்புனாங்கன்னு போட்டுக்கட்டுங்க?"

அவள் தன் கணவரின் பெயரைச் சொன்னாள்.

"டாக்டர் சென்னியப்பனுங்களா? எந்த ஆஸ்பத்திரி?"

"டாக்டர் இல்லீங்க" என்றாள். "பேர மட்டும் போட்டுக்கங்க."