பதினான்காம் எண்

ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற பிறகு, ரக்பி கிளப்பின் புதிய கோச், ஓர் ஆட்டம் விடாமல் பார்க்க வரும் ரசிகர் குணசீலனைத் தேடி வந்தார். "நாப்பது வருஷமா பின்வரிசையில இருந்து கத்துறீங்களே அங்கிள், அதையெல்லாம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

குணசீலன் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். பதினைந்து ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கொரு யோசனை. மனைவி ரத்னா வாங்கி வாசித்தாள்.

"'பந்தை லொயிட்டுக்குக் கொடுங்கள், ஓரத்தில் சும்மா நிற்கிறான்.' எந்த லொயிட்டுங்க? அந்தக் காலத்துல ஆடிட்டு, இப்ப மெல்பேர்ன்ல பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்காரே, அவரா?"

"அவனில்ல. இப்ப பதினாலாம் நம்பர் ஆடுற பையன்."

"அவன் பேரும் லொயிட்டா?"

குணசீலன் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அந்தப் பையன் ஓடும்போது இடது தோள் கொஞ்சம் தாழும். லொயிட்டுக்கும் அப்படித்தான் தாழும். அதற்கு மேல் அவனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மாலையில் பயிற்சி நடக்கும் மைதானத்துக்குத் தாளோடு போனார். தண்ணீர் குடிக்க வந்த பையனிடம் பேர் கேட்டார்.

"இர்ஷாத், அங்கிள். நீங்க லொயிட்டுன்னு கத்துவீங்களே, அது எனக்குத்தான்னு தெரியும். எனக்குப் பந்து குடுக்கச் சொல்லிக் கத்துறது நீங்க மட்டும்தானே."

தாளில் லொயிட்டு என்ற பேரை அடித்துவிட்டு இர்ஷாத் என்று எழுதினார். பிறகு தாளை முதலிலிருந்து வாசித்தார். சோமபால, டெரிக், நவரத்தினம். நவரத்தினம் செத்தே ஆறு வருஷமாகிறது.

அடுத்த பையன் தண்ணீர் குடிக்க வரும்வரை, பேனாவை மூடாமல் அங்கேயே நின்றார்.