கிளி ஊதிய சங்கு

வெள்ள அபாயச் சங்கு அலறியது. இரவு வேலை முடித்துப் பகலில் படுத்திருந்த அச்சகக்காரர் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டார்.

"சனியனே, வாயை மூடு!" என்று வராந்தாவில் துணி மூடிக் கிடந்த கூண்டை நோக்கிக் கத்தினார்.

வெள்ள ஒத்திகையன்று கேட்ட சங்கை அவர் வீட்டுக் கிளி அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நம்பி இரண்டு முறை தெருவே மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஓடி, அவரைத் திட்டிக்கொண்டே திரும்பியிருந்தது.

எதிர்மாடித் தையல்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அண்ணே, அது கழுத்தைத் திருகவா? தைக்கவே விடமாட்டேங்குது."

"மன்னிச்சுக்கப்பா. பசி போலிருக்கு."

"பரவாயில்ல, தெருவுக்கே பழகிப்போச்சு." மறுபடியும் தையல் மெஷின் ஓடியது.

போன் அடித்தது. மனைவி.

"கிளம்பிட்டீங்களாங்க?"

"எங்க? உன் கிளி போடற சத்தத்துல தூக்கமே போச்சு."



"வளக்குற பிராணிய முன்னாடியே மேட்டுல விட்டுடணும்னு ஒத்திகையில சொன்னாங்கள்ல? காலையிலயே அக்கா வீட்டுக்குக் கொண்டாந்துட்டேனே. இதோ, என் தோள்லதான் உக்காந்திருக்கு."

ஓடிப்போய்த் துணியை இழுத்தார். கூண்டு காலி. வெளியே, தெருமுனையில் பழுப்புத் தண்ணீர் தெருவுக்குள் புகுந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் ஓடுங்க! நிஜ வெள்ளம்!" தொண்டை கிழியக் கத்தினார்.

தையல்காரர் துணியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அட, இப்ப உங்க குரலையும் பிடிச்சுக்கிச்சா அண்ணே!"